பதினெட்டு வீட்டுக் கழனித் தண்ணீர்

வாளியின் மூடியைத் திறந்ததும் அவர் கையைத்தான் விடுவார். வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, முழங்கை நனைகிற வரைக்கும் விட்டு, அடியிலிருந்து ஒரு துழாவு. எலுமிச்சைத் தோல், தீக்குச்சி, பால் பாக்கெட்டின் மூலைத் துணுக்கு, ஒரு தடவை எங்கள் வீட்டு டீஸ்பூன், எல்லாம் அந்தக் கையில் அகப்பட்டு வெளியே வரும். அதற்கப்புறம்தான் வாளியைத் தூக்கித் தன் நீல டிரம்மில் கவிழ்ப்பார்.

"எரும வாயி பேசாது சார். நாமதான் பாத்து போடணும்" என்பார்.

எங்கள் அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில், சவுக்குத் தோப்புக்குள் அடங்கியிருந்த ஊழியர் குடியிருப்பு எங்களுடையது. கரூர்க்காரன் நான். பக்கத்து வீடு கோவில்பட்டி, எதிர்வீடு மாயவரம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கல்யாணமாகி அங்கே குடிவந்தபோதே அவர் கழனித் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், மிச்சம் மீதி எல்லாவற்றையும் பின்வாசலில் ஒரு வாளியில் சேர்த்து வைப்போம். காலை எட்டு மணிக்கு ஒரு பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். இரண்டு பக்கமும் இரண்டு டிரம். அந்தச் சைக்கிளை அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. ஓட்டத் தெரியாதாம். பதினெட்டு வீட்டு வாளி நிறைந்ததும் அப்படியே தள்ளிக்கொண்டு ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த தன் காலனிக்குப் போவார். அங்கே நான்கு எருமைகள் அவருக்காகக் காத்திருக்கும்.

அந்த எருமைகளின் பால் சாலையோர டீக்கடைக்குப் போயிற்று. சாயங்காலம் அலுவலகம் விட்டு அந்தக் கடையில்தான் டீ குடிப்போம். காலையில் நாங்கள் கொட்டியது மறுநாள் டீயாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. இதை நான் அப்போது யோசித்ததே இல்லை. யோசித்து, அதைப் பற்றிப் பேசி, கைதட்டு வாங்கிய கதை பின்னால் வருகிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அந்தக் காலத்தில் 'கழனிக்காரி வந்துட்டாளா?' என்றுதான் கேட்போம். அவர் தண்ணீர் குடிப்பதற்கென்று பின்சுவரின் ஆணியில் ஒரு தனிச் சொம்பு தொங்கியது. யார் மாட்டியது என்று கேட்காதீர்கள். வீட்டில் நானும் என் மனைவி சுமதியும் மட்டும்தான் இருந்தோம்.

சுமதிக்கு ஆரம்பத்தில் அவரைப் பிடிக்காது. காரணம், அவர் வாளியைப் படிப்பார். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு துழாவில் அந்த வீட்டில் முந்தின நாள் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும். கஞ்சி கெட்டியாக இருந்தால் ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது. வெறும் ரவை உப்புமா மட்டும் இருந்தால் மாதக் கடைசி. சாம்பார் மொத்தமாக வந்தால் புருஷன் பெண்டாட்டிச் சண்டை. இதையெல்லாம் அந்தந்த வீட்டில் மட்டும் ஓரிரு வார்த்தையில் கேட்பார். "மாமியார் ஊருக்கு போய்ட்டாங்களா தாயி, கறிவேப்பில கொறஞ்சி கீது?" சுமதிக்கு எரிச்சலாக வரும். கேட்டது சரியாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் அதிகமாக வரும்.

ஆனால் ஒரு வீட்டுச் சங்கதி இன்னொரு வீட்டுக்குப் போகாது. எங்கள் வரிசையில் மிகவும் ஆசாரமான குடும்பம் ஒன்று இருந்தது. வெங்காயம்கூட வாங்கமாட்டார்கள். அந்த வீட்டு வாளியில் முட்டை ஓடு கிடந்ததாகக் குடியிருப்பில் ஒரு பேச்சு. சுமதி ஒருநாள் அவருக்கு ஒரு டம்ளர் காப்பியே போட்டுக் கொடுத்து, தணிந்த குரலில் விசாரித்துப் பார்த்தாள். காப்பியை ரசித்துக் குடித்து முடித்தார்.

"அந்த வூட்டு வாளி அந்த வூட்டோட போச்சும்மா. இங்க கொண்டாந்து கொட்னா ஒங்க வூடுதான் நாறும்" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். சுமதி அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேன்.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. மனிதர் தின்னக்கூடியது எதுவும் வாளியில் கிடந்தால், அதை எடுத்துச் சுத்தமாக ஒரு இலையிலோ காகிதத்திலோ வைத்து, எங்கள் பின்சுவர்மேல் வைத்துவிட்டுப் போவார். பொட்டலத்தோடு போட்டதால் ஈரம்கூடப் படாத நான்கு இட்லி. பிரிக்காத ரொட்டியில் பாதி. ஒரு முழு வாழைப்பழம். "இது மாட்டுக்கு போற பண்டமா? மத்தியானத்துக்கு துன்னுங்க." குரலில் கோபமே இருக்காது. கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். குப்பையில் போட்டதை யாராவது திருப்பித் தின்பார்களா? அவர் தலை மறைந்ததும் அதைத் தெருநாய்க்குப் போடுவோம். பிறகு சுமதி கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தாள். வேண்டாத இட்லியைப் பிய்த்து, உதிர்த்து, கஞ்சியில் கலக்கிவிடுவாள். அவர் துழாவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் அன்று "வரேன் தாயி" என்று சொல்லாமல் போவார்.

எங்களுக்குக் கல்யாணமான மூன்றாம் வருடம் சுமதிக்குக் கரு கலைந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்துவிட்டேன். ஊருக்கும் சொல்லவில்லை, அக்கம்பக்கத்திலும் சொல்லவில்லை. சொல்லவேண்டாம் என்று அவள்தான் கேட்டுக்கொண்டாள். நான் அலுவலகம் போய்வந்தேன். நான் சமைத்து வைத்ததை அவள் தொடாமல் அப்படியே வாளியில் கொட்டியிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. கட்டிய புருஷனுக்குத் தெரியவில்லை, வாளி எடுக்க வந்தவருக்குத் தெரிந்தது.

நான்காம் நாள் காலை அவர் ஒரு தூக்குச்சட்டி நிறைய மோருடன் வந்தார். பின்கதவைத் தட்டினார். "மூணு நாளா ஒங்க வூட்டு சோறு வடிச்சது வடிச்ச மாரியே வருது. இன்னா ஏதுன்னு நான் கேக்கல. இத்த குடி" என்றார். சுமதி வாங்கவில்லை. அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீ குடிக்காம நான் எந்திரிக்க மாட்டேன். எரும நாலும் பட்டினி கெடக்கட்டும், போ." கடைசியில் சுமதியும் அந்தப் படியிலேயே உட்கார்ந்து குடித்தாளாம். அழுதாளாம். பத்து நாள் மோர் வந்தது. வாளி பழையபடி ஆன பிறகுதான் நின்றது. குடியிருப்பில் ஒரு ஈ காக்கைக்கும் விஷயம் தெரியவில்லை. ஆணியில் தொங்கிய சொம்பைச் சுமதி எடுத்துச் சமையலறையில் வைத்துக்கொண்டது அந்த வாரத்தில்தான்.

வருடங்கள் போயின. குடியிருப்பில் எல்லார் வீட்டிலும் ஃப்ரிட்ஜ் வந்தது. எங்களுக்கு ஒரு மகன் பிறந்து பள்ளிக்கூடம் போனான். இரண்டாயிரத்துக்குப் பிறகு செங்கல்பட்டுப் பழக்கடைகளில் ஸ்டிக்கர் ஒட்டிய ஆப்பிள் வந்து இறங்கியது. நான் பெருமையாக வாங்கி வருவேன். மகன் இரண்டு கடி கடித்துவிட்டு வைத்துவிடுவான். ஒருநாள் அவர் வாளியிலிருந்து பாதி ஆப்பிளை எடுத்து, ஸ்டிக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எந்த ஊரு சார்?" என்றார்.

"அமெரிக்கா."

"அமேரிக்காவா! அம்மாந்தூரம் கப்பல்ல வந்து, ஒங்க வூட்ல ரெண்டு கடி கடிபட்டு, கடசில எங்க வெள்ளிக்கெயமைக்கா? குடுத்து வச்சவடி நீ!" என்று அங்கே இல்லாத எருமையைப் பார்த்துச் சொல்லிச் சிரித்தார். வெள்ளிக்கிழமை என்பது அவருடைய மூத்த எருமையின் பெயர். வெள்ளிக்கிழமை வாங்கியதாம். அன்றிலிருந்து ஆப்பிள் ஸ்டிக்கர்களை எல்லாம் உரித்து நீல டிரம்மின் மூடியில் ஒட்ட ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் மூடியே நிறைந்துவிட்டது. எங்கள் பதினெட்டு வீட்டின் ஊதாரித்தனமும் வரிசையாக அந்த மூடியில் இருந்தது. எங்களுக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

நான் குடியிருப்போர் சங்கச் செயலாளரானது இந்தக் காலத்தில்தான். வெளியாட்கள் குடியிருப்புக்குள் வருவதற்கு வருடா வருடம் நுழைவுச் சீட்டு உண்டு. வேலைக்காரப் பெண்கள், பேப்பர் போடுபவர், இஸ்திரிக்காரர், கழனித் தண்ணீர் எடுப்பவர் என்று எல்லாருக்கும் ஜனவரியில் ஒரு கட்டாக வரும். கையெழுத்துப் போட்டு எஸ்டேட் அலுவலகத்துக்கு அனுப்புவேன். சின்னப் பதவிதான். ஆனாலும் அந்தக் கையெழுத்தை நான் கொஞ்சம் நீட்டித்தான் போடுவேன்.

ஒருநாள் மாலை அவர் என் வீட்டு முன்வாசலுக்கு வந்தார். எப்போதும் பின்வாசல்தான். முன்வாசலுக்கு வந்தாலே ஏதோ காரியம் என்று தெரிந்தது.

"மேய்ச்சலே இல்ல சார். எங்க பாத்தாலும் கல்லு நட்டு கொடி கட்டிகினு கீறானுங்க. வக்கோலு வெல கேட்டா தல சுத்துது. ஒங்க ஆபீஸ் கேன்டீன்ல தெனம் மிச்சமாவுறத குயில கொட்டி மண்ணு போட்றானுங்க. அத்த எனக்கு வுட்டா நாலு எருமையும் பொயச்சிக்கும். இல்லாங்காட்டி வித்துட்டு நான் எங்க போறது? எம் பொண்ணு ப்ளஸ் டூ படிக்கிது. நீ ஒரு காயிதம் எய்தி குடு சார். ஒன் பேச்ச கேப்பாங்க."

கட்டாயம் எழுதுகிறேன் என்றேன். என் பேச்சைக் கேட்பார்கள் என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அப்போது இன்னொரு வேலையும் என் கையில் இருந்தது. அலுவலகத்தில் சுற்றுச்சூழல் நாள் கொண்டாடப்போகிறார்கள், 'உணவும் கார்பன் தடமும்' என்று நான் பேசவேண்டும். அந்தச் சொல் அப்போதுதான் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. நாம் தின்கிற ஒவ்வொன்றும் விளைவதற்கும், குளிரூட்டப்பட்ட லாரியில் வருவதற்கும், வேகுவதற்கும், மிச்சமாகி மட்குவதற்கும் எவ்வளவு புகை மேலே போகிறது என்று கணக்குப் பார்ப்பது. ராத்திரி பகலாக இணையத்தில் படித்தேன். நெல் வயலிலிருந்து மீத்தேன் வருகிறது, மாடு அசைபோட்டு ஏப்பம் விட்டால் மீத்தேன் வருகிறது, அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும் என்றெல்லாம் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதும் கண்ணில் படுகிறவரிடமெல்லாம் சொன்னேன். சுமதி நான் சாப்பிட உட்கார்ந்தாலே, "முதல்ல தின்னுங்க, அப்புறம் கணக்குப் போடலாம்" என்பாள்.

அவரிடமும் போனேன். ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கு நான் போனது வாழ்க்கையில் அந்த ஒரே ஒரு முறைதான். எருமைகளைப் படம் எடுத்தேன். எத்தனை லிட்டர் கறக்கும், எவ்வளவு தின்னும், சாணம் எங்கே போகிறது என்று கேட்டேன். காகிதத்துக்காகக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். மகள் எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். வெள்ளிக்கிழமையின் நெற்றியைத் துடைத்துவிட்டு, "இப்ப எடு சார்" என்றார்.

ஏப்பம் விட்டால் காற்றில் வாயு கலக்கிறது என்று அவருக்கு விளக்கினேன்.

"எரும ஏப்பம் வுட்றது சரி. அந்த கேன்டீன் குயிய போயி பாத்தியா? மய பேஞ்ச மறுநா போயி நில்லு. கொப்பளம் கொப்பளமா வுடுது. உள்ளாற ஒல கொதிக்கிற மாரி. அது ஏப்பம் இல்லியா?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மண்ணுக்கடியில் காற்றில்லாமல் அழுகுகிற சோற்றிலிருந்தும் அதே வாயுதான் வரும். எருமையாவது பாலைக் கொடுக்கிறது, எருவைக் கொடுக்கிறது. அந்தக் குழி நாற்றத்தைத் தவிர ஒன்றும் கொடுக்கவில்லை. அந்தச் சோறு விளையச் செலவான தண்ணீர், உரம், டீசல் எல்லாம் அதோடு சேர்ந்து புதைகிறது. மறுநாளே குழியைப் படம் எடுத்தேன். என் பேச்சின் கடைசிப் பகுதியை அதன்மேல்தான் கட்டினேன். எருமைப் படத்துக்கு அடுத்தது குழிப் படம், அதற்கு அடுத்து, கேன்டீன் மிச்சத்தைக் கால்நடை வளர்ப்போருக்குக் கொடுக்கலாமே என்ற என் யோசனை. காகிதம் தனியாக எழுதவேண்டாம், மேடையிலேயே கேட்டுவிடலாம் என்று திட்டம். வீட்டில் சுமதியை உட்கார வைத்துப் பேசிக் காட்டினேன். முடித்ததும், "முதல் தடவையா உருப்படியா ஒண்ணு செய்றீங்க" என்றாள்.

முந்தின நாள் எஸ்டேட் அதிகாரி என் படங்களைப் பார்க்கவேண்டும் என்றார். பார்த்தார். குழிப் படம் வந்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இது எதுக்கு சார்? நாளைக்கு லஞ்ச் கேன்டீன்காரங்கதான் குடுக்குறாங்க. டைரக்டர் வேற வர்றார். எருமை நல்லாருக்கு. அதோட முடிச்சுக்குங்க." எனக்கு அடுத்த மாதம் பதவி உயர்வுக்கான நேர்முகம் இருந்தது. அந்தக் குழுவில் டைரக்டர் உட்காருவார். அதிகாரி அதைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. குழிப் படத்தை அவர் எதிரிலேயே நீக்கினேன். அதற்குப் பின்னால் இருந்த யோசனையை அவர் நீக்கச் சொல்லவில்லை. குழி இல்லாமல் அது நிற்காது என்று நானாகவே நீக்கினேன்.

மறுநாள் மேடையில் நின்று பார்க்கிறேன், கூடத்தின் கடைசி வரிசையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். மடிப்புக் கலையாத ஊதாப் புடவை, தலையில் பூ. சுமதிதான் அழைத்து வந்திருக்கிறாள். கேன்டீன் மிச்சத்தைப் பற்றிக் கேட்கப்போகிறேன், அதை அவர் காதால் கேட்கட்டும் என்று. படம் நீக்கியதை நான் சுமதியிடம் சொல்லியிருக்கவில்லை.

அப்போதும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பாதி இங்கிலீஷும் பாதி தமிழுமாகப் பேசிக்கொண்டே போனேன். எருமைப் படம் திரையில் வந்தது. சுவர் அளவுக்கு வெள்ளிக்கிழமையின் முகம்.

"ஐய! நம்ம வெள்ளிக்கெயம!" என்று கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது.

கூடமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. டைரக்டரும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, பார்க்கச் சாதுவான இந்த விலங்கு தினமும் நம் தலைக்குமேல் எவ்வளவு வாயுவைச் சேர்க்கிறது தெரியுமா என்று இங்கிலீஷில் சொன்னேன். நம் குடியிருப்பு மிச்சத்தைத் தின்று கொழுத்து, நம் காற்றையே கெடுக்கிறது என்றும் சொன்னேன். அது எழுதி வைத்த வரி இல்லை. சபை சிரித்ததும் வாயில் தானாக வந்தது. நல்ல கைதட்டல். அதில் கடைசி வரிசையும் சேர்ந்துகொண்டது. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கித் தட்டினார். பக்கத்தில் சுமதி தட்டவில்லை.

மதியம் வாழை இலையில் பதினேழு வகை சாப்பாடு. பாதிப் பேர் பாதி இலையை மடித்தார்கள். எல்லாம் குழிக்குப் போயிற்று. அன்று வீட்டில் சுமதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "குழிப் படம் எங்க?" ஏதோ நேரம் போதவில்லை என்றேன்.

அவரோ பதினெட்டு வீட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தார். "சார் எங்க எரும படத்த போட்டு பேசனாரு. ஆபீசருங்கல்லாம் கை தட்னாங்கோ." வீட்டுக்கு வீடு அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, உள்ளே போனதும் இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து எஸ்டேட் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். குடியிருப்புக்குள் கால்நடைத் தீவனத்துக்காகக் கழிவு சேகரிப்பது இனி அனுமதிக்கப்படாது, நுழைவுச் சீட்டு ரத்து. அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். நேராக என்னிடம்தான் வந்தார். மறுபடியும் முன்வாசல்.

"இதுல இன்னா எய்திகீது, படி சார். நாளிக்கிலேர்ந்து கேட்ல உள்ளார வுட மாட்டேங்கிறான்."

வாங்கிப் படித்தேன். நடுவில் ஒரு வரி இருந்தது. 'கால்நடைகளால் ஏற்படும் சுற்றுச்சூழல் பாதிப்பு குறித்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆற்றிய உரையைக் கருத்தில் கொண்டு' என்று. அலுவலகக் கடிதம் என்றால் எதையாவது ஆதாரம் காட்டவேண்டும். என்னைக் காட்டியிருந்தார்கள்.

நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தேதி படித்தேன். பொருள் படித்தேன். அந்த வரி வந்ததும் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன். குரல் தடுமாறவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது, கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. கடைசியில் கையொப்பம் வரைக்கும் படித்து, மடித்து, அவர் கையில் கொடுத்தேன்.

"நீ போயி ஒரு வார்த்த சொல்லு சார். எரும பத்தி அம்மாம் பேசன ஆளு நீ. நீ சொன்னா கேப்பாங்க."

"மேலிடத்து முடிவும்மா. என் கையில ஒண்ணுமில்ல" என்றேன்.

கடிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு பின்பக்கம் போய் எங்கள் வாளியைக் குழாயடியில் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வரேன் தாயி" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். சுமதி உள்ளே இருந்தாள். வெளியே வரவில்லை. வந்தால் என்ன சொல்வது என்று அவளுக்கும் தெரிந்திருக்காது. அன்றிலிருந்து ஏழெட்டு நாள் என்னோடு பேசவில்லை.

பதவி உயர்வு கிடைத்தது. பதினெட்டு வீட்டு மிச்சமும் பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டுக் குப்பை வண்டியில் ஏறி, கேன்டீன் குழிக்கே போயிற்று. குழி நிறைந்து பக்கத்தில் இன்னொன்று வெட்டினார்கள். டீக்கடைக்காரர் பாக்கெட் பாலுக்கு மாறினார். எங்கிருந்தோ குளிர்பதன வண்டியில் வருகிற பால். என் பேச்சில் அதற்கும் ஒரு பத்தி இருந்தது. குடிக்கும்போதெல்லாம் ஞாபகம் வரும். குடிப்பதை நிறுத்தவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு மதியம் கேன்டீனில் சாப்பிட்டு முடித்து, தட்டு போடுகிற ஜன்னலுக்குப் போனேன். உள்ளே ஒப்பந்தத் தொழிலாளர்கள் போடுகிற காப்பிக்கலர் கோட்டில் அவர் நின்றுகொண்டிருந்தார். எதிரே ஒரு பெரிய டிரம். தட்டுகளை வாங்கி மிச்சத்தை அதில் வழித்துப் போட்டுக்கொண்டிருந்தார். போட்ட பிறகு கையை விட்டுத் துழாவி, எலுமிச்சைத் தோலையும் ஐஸ்கிரீம் மரக்கரண்டியையும் எடுத்து ஓரமாக வைத்தார். குழிக்குப் போகிற சோறு அது.

எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. தட்டில் ஒரு முழு வடையும் பாதிச் சோறும் இருந்தன.

"குழிக்குத்தானே போகுது. ஏன் பொறுக்குறீங்க?" என்றேன். வேறு ஏதாவது கேட்டிருக்கலாம். அதுதான் வந்தது.

நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்தது. "கை கேக்க மாட்டேங்கிது சார்" என்றார். "தாயி நல்லா கீதா? புள்ள இன்னா படிக்கிறான்?"

சொன்னேன். எருமைகளைக் கேட்டேன்.

"மூணு ஒடனே போச்சி. வெள்ளிக்கெயமய மட்டும் வச்சிருந்தேன். கட்டுப்படி ஆவல. மதுராந்தகத்து ஆளு ஒருத்தன் வந்து இஸ்துகினு போனான். அது திரும்பித் திரும்பி பாத்துகினே போச்சி." குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டார்.

"அன்னைக்கு அந்தக் காகிதத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"எம் பொண்ணு படிச்சிச்சி சார்" என்றார். "அன்னிக்கி சாயங்காலமே. முழுசா படிச்சிச்சி."

எனக்குப் பின்னால் தட்டோடு நான்கைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர் எட்டி என் கையிலிருந்த தட்டை வாங்கினார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"பதினெட்டு வூட்டு கயனி எட்த்துகீறேன். ஒரு வூட்டுத இன்னொரு வூட்ல கொட்டிகீறேனா? தாயிகிட்டகூட சொல்லல. பயப்படாத சார். நவுரு, ஆளுங்கோ நிக்கறாங்கோ."

வடையை எடுத்து ஒரு காகிதத்தில் சுற்றி ஜன்னல் விளிம்பில் என் பக்கமாக வைத்தார். பிறகு மிச்சத்தை டிரம்மில் வழித்துவிட்டு அடுத்த தட்டுக்குக் கை நீட்டினார்.

சொன்னபடியே அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், நான் ஓய்வு பெற்ற அன்று மேடையில் என்னைச் 'சுற்றுச்சூழலுக்காகக் குரல் கொடுத்தவர்' என்று புகழ்ந்தபோது யாராவது ஒருவராவது சிரித்திருப்பார்கள். அந்தச் சால்வை இன்னும் பீரோவில் இருக்கிறது. அவர் கொட்டாத வாளியை இன்று நானே கொட்டிவிட்டேன். சுமதியும் இதில்தான் கடிதத்தின் அந்த ஒரு வரியைப் படிக்கப்போகிறாள்.

அவர் பெயரையும் எழுதியிருக்கவேண்டும். வருடா வருடம் ஜனவரியில் அவருடைய சீட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். பெயர் என் கையெழுத்துக்கு நேர் மேலேதான் இருந்தது. ஒரு வருடம்கூட நான் அதைப் படிக்கவில்லை.